கை நனைக்காத வீடு

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் சிலர் இன்றைக்கும் என்னிடம் வந்து எங்கே தங்கலாம் என்று கேட்கிறார்கள். நான் போனது இரண்டே முறை, அதுவும் எழுபதுகளில். அதற்குப் பிறகு அந்த ஊரை இடித்து, திருப்பிக் கட்டி, மறுபடியும் இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கேட்கிறார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் லாட்ஜ் வசதியா, ரயிலடி பக்கமாக இருந்தால் நல்லதா, அங்கே இருக்கிற சின்ன மகள் வீட்டில் தங்கினால் அவளுக்குத் தொந்தரவாக இருக்காதா என்று. மகள் வீடு இருந்தால் அங்கேயே தங்குங்கள் என்று சொல்வேன். கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிடுகிறேன் போலிருக்கிறது, கேட்டவர் முகம் மாறிவிடும். அவருக்கு என் அப்பாவைத் தெரியாது, அவர் என்ன செய்வார்.

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் கடை. தோணிகளுக்கு வேண்டிய கயிறு, தார், பாய்த்துணி, ஆணி எல்லாம் வைத்திருந்தார் என்றாலும் கயிற்றுக்கடை அண்ணாச்சி என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் அம்மா இறந்துபோனாள். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவள் படிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போனாள். யாரும் அவளைப் போகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து கல்யாணமாகிப் போகிறவரை அப்பா சாப்பிட்டது அவள் கைச் சோறு.

அப்பாவுக்கு மெத்தை ஆகாது. முன்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டில், அவரே நார்க்கயிறு பின்னியது, அதில்தான் படுப்பார். காலையில் அக்கா காப்பியைக் கொண்டுவந்து கட்டில் சட்டத்தில் வைத்துவிட்டு, "தூக்கம் வந்துச்சாப்பா?" என்று கேட்பாள். அப்பா "ம்" என்பார். சில நாள் கொசு என்பார், சில நாள் புழுக்கம் என்பார். நன்றாகத் தூங்கினேன் என்று ஒரு நாளும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்பதை விடவில்லை. அம்மா போன பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

அவளைப் பக்கத்தில் மாப்பிள்ளையூரணியைச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தோம். சிங்கப்பூரில் பலசரக்குக் கடையில் பங்கு, அதிகம் பேசாத மனிதர், என்னைக் கண்டால் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அக்கா ஏறின படகு கப்பலை ஒட்டும்வரை அப்பா கரையில் நின்றார். வெயில் ஏறிவிட்டது, வாருங்கள் போகலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது.

இங்கே எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில், அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறவரை, பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது. கை நனைப்பது என்றால் சாப்பாடு மட்டும் இல்லை. காப்பி, தண்ணீர், ராத்திரிப் படுக்கை எல்லாம் அதில் அடக்கம். போகலாம், பார்க்கலாம், உட்கார்ந்து பேசலாம். பிள்ளை பிறந்த பிறகு சீரோடு போய் முதல் சாப்பாடு சாப்பிட வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. உள்ளூரில் கொடுத்தவர்களுக்கு இதில் பெரிய கஷ்டமும் கிடையாது. ஓட்டப்பிடாரத்தில் பெண்ணைக் கொடுத்தவர் காலை பஸ்ஸில் போவார், மகளைப் பார்ப்பார், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். இந்த வழக்கத்தை உண்டாக்கின பெரிய மனிதர்கள் கப்பலில் போய் மகளைப் பார்க்கிற நிலைமையை யோசித்திருக்க மாட்டார்கள்.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒன்று உண்டாகி மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எழுதுவதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், அப்பா ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று. எழுபத்து மூன்றில் அப்பா போவதென்று முடிவு செய்தார். நான் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததால் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

போவது முடிவானதும் எங்கே தங்குவது என்ற பேச்சு கடையில் தொடங்கியது. கப்பலில் போய் வந்தவர், போகாதவர், போனவரோடு பேசினவர் எல்லோரும் யோசனை சொன்னார்கள். சீனன் நடத்துகிற ஓட்டல் மலிவு, ஆனால் அறைக்கு அறை இருக்கிற தடுப்பு கூரை வரை போகாது, பக்கத்து அறைக்காரன் இருமினால் நமக்குத் தூக்கம் போகும் என்றார் ஒருவர். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டலில் தங்கினால் கடையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு உப்பு வியாபாரி, நம் பக்கத்து வியாபாரிகள் தங்குகிற கிட்டங்கி ஒன்று இருக்கிறது, கீழே சரக்கு, மேலே வரிசையாகக் கட்டில், சமையலுக்கு நம் ஆள் என்று சொன்னதும் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஜன்னல் உண்டா, தண்ணீர் தாராளமா, காலையில் எத்தனை பேர் குளியலறைக்கு நிற்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். மகள் வீடு இருக்கிறதே என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள், எல்லோருக்கும் முறை தெரியும். நான் ஒருவன்தான் கேட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உப்பு வியாபாரியிடம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் சம்பந்தியம்மாள், அத்தானைப் பெற்றவள், மாப்பிள்ளையூரணியிலிருந்து நேராக வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். மகனுக்குக் கொடுத்தனுப்பக் கருவாடும் வைத்திருந்தாள். அப்பா கிட்டங்கியில் தங்கப் போகிறார் என்பது அவள் காதுக்கும் போயிருக்கிறது.

"அண்ணாச்சி, அவனப் பெத்தவ நான் சொல்லுதேன். நீங்க எம்மவன் வீட்டுலயே தங்குங்க. கடல் தாண்டிப் போன எடத்துல எந்த மொறைய யாரு பாக்கப் போறா?"

அப்பா மரியாதையாக எழுந்து நின்றார். பிறகு, "ஒங்களுக்குப் பெரிய மனசு, மயினி. ஒரு பிள்ள பொறக்கட்டும். ஒரு மாசம் இருந்து சாப்புடுதேன்" என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. முருங்கைக்காயை அடுப்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. முறையை விட்டுக்கொடுக்க வேண்டியவளே விட்டுக்கொடுத்துவிட்டாள், இனி என்ன பிடிவாதம் என்று கேட்டேன். அப்பா அன்றைக்குச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது கடலில் முத்துக்குளிப்பு நடக்கிற மாதங்களில் ஊருக்கு வெளியூர் வியாபாரிகள் வந்து குவிவார்களாம். தெரிந்தவர் தெரியாதவர் என்று இவர்கள் வீட்டிலும் வந்து தங்கினார்களாம். வந்தவர்கள் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள், வீட்டுப் பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். ஒருவர் வீட்டில் போய்த் தங்குவது என்றாலே அவருக்கு அதுதான் ஞாபகம் வரும். அதோடு, பிள்ளையில்லாத மருமகள், அவளுக்கு அப்பனும் வந்து உட்கார்ந்து தின்றான் என்று நாளைக்கு ஒரு சொல் வந்துவிட்டால் அவள் என்ன செய்வாள் என்றார். சம்பந்தியம்மாள் நல்லவள்தான், ஆனால் பேச்சு எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும். மகளுக்குக் கேடயமாக நிற்பதாக அவர் மனதார நம்பினார். அது புரிந்ததால் அதோடு விட்டுவிட்டேன்.

கப்பலில் அப்பா கொண்டுபோனது ஒரு தகரப் பெட்டி மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி, சம்பந்தியம்மாள் கொடுத்த கருவாடு. மக்ரூன் நொறுங்கிவிடக் கூடாது என்று பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அக்கா நின்றாள். இளைத்திருந்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கப்பல்ல தூக்கம் வந்துச்சாப்பா?" அப்பா "ம்" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள்.

அவள் வீடு ஒரு பழைய வரிசையில் இருந்தது. கீழே கடைகள், மரப்படி ஏறினால் மேலே வீடு. இரண்டே அறை. உள்ளறையைத் திரைச்சீலையால் மறைத்து ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். திரையை விலக்கிக் காட்டினாள். கயிற்றுக் கட்டில் ஒன்று கிடந்தது. எதிர்வரிசைக் கடையில் காவல் இருக்கிற பஞ்சாபிக்காரர் ராத்திரி அந்த மாதிரிக் கட்டிலில்தான் படுப்பாராம். அவரிடம் சொல்லி அப்பாவுக்கென்று செய்து வாங்கியிருக்கிறாள். அப்பா கிட்டே போனார். கட்டைவிரலால் கயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். நல்ல முறுக்கு, பின்னலும் பரவாயில்லை, தலைமாட்டு மூலையில் மட்டும் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். காலைச் சட்டத்தில் முட்டுக் கொடுத்து அந்த மூலையை இழுத்துக் கட்டினார். கடையில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வேர்வை வழிந்தது. அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அப்பா சொம்பைப் பார்த்தார். இப்போதுதான் கப்பலில் குடித்தேன் என்றார். கப்பலை விட்டு இறங்கி அரை நாள் ஆகியிருந்தது. அக்கா சொம்பைக் கீழே வைத்தாள். அவளுக்கும் முறை தெரியும், தெரிந்துதான் கட்டில் செய்திருக்கிறாள். நேரில் பார்த்தால் அப்பா மனது மாறிவிடும் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அத்தான் டாக்சி கூட்டிவந்தார், அப்பா கிட்டங்கிக்குப் போய்விட்டார்.

நான் அக்கா வீட்டில் தங்கினேன். அந்தக் கட்டிலில் படுக்கப் போனபோது, அது அப்பாவுக்கு, நீ பாயில் படு என்றுவிட்டாள்.

அடுத்த நாள் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தமிழம்மாள் எட்டிப் பார்த்து, உங்கள் அப்பா வந்திருப்பதாகச் சொன்னார்களே, வீட்டில் காணோமே என்றாள். அக்கா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். கொஞ்ச நேரத்தில் கீழ்க்கடைக்காரர் மனைவி வந்து அதையே கேட்டாள். அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டையா என்று கேட்டவர்களும் உண்டு. சமாளிப்பு எடுபடாமல் போகவே, கேட்கிற ஒவ்வொருத்தியிடமும், எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் என் அப்பா என் வீட்டில் தங்க மாட்டார் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. சட்டையைப் பிழிந்து உதறிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"ஏலே, அவரு அங்க போயிப் படுத்திருக்கது, எனக்குப் பிள்ள இல்லன்னு ஊருக்கே தண்டோரா போடுத மாதிரி இருக்கு."

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்று மத்தியானமே கிட்டங்கிக்குப் போய் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒரு பேச்சும் வந்துவிடக் கூடாது என்றுதானே இங்கே வந்து கிடக்கிறேன் என்றார். எழுந்து வரவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டு வந்த ஒன்றை ஒரு மத்தியானத்தில் தூக்கிப் போட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இன்றைக்கும் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

வழி கண்டுபிடித்தவள் அக்காதான். மறுநாள் ஒரு பையில் அம்மியில் அரைத்த மசாலாவையும் சாளை மீனையும் எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கே வந்துவிட்டாள். ஆண்கள் மட்டும் தங்குகிற இடம், பெண் ஒருத்தி படியேறி வந்ததும் எல்லோரும் திகைத்துப்போனார்கள். அவள் சமையல்காரரிடம், அண்ணாச்சி, கொஞ்சம் அடுப்பு விடுங்க என்று கேட்டாள். அப்பா பதறிப்போய், இது சரியில்லை என்று ஆரம்பித்தார். அவள் கேட்டாள், இங்கே நீங்கள் சாப்பிடுகிற அரிசி யாருடையது. நான் காசு கொடுத்து வாங்கிப் போட்டது என்றார் அப்பா.

"அப்பம் அரிசி ஒங்களுது. அடுப்பு கிட்டங்கியோடது. மீனும் மசால் சாமானும் தம்பி வாங்கித் தந்தான். கை மட்டுந்தான் என்னுது. அதுக்கும் மொறையில எடம் இல்லயா?"

படுத்திருந்த வியாபாரிகள் ஒவ்வொருவராக எழுந்து, கீழே வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒருவருக்கும் வேலை கிடையாது, எனக்குத் தெரியும். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். குழம்பு கொதிக்கிற வாசம் வந்ததும் நான் தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் இருப்பதாகவே நினைத்தேன். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் என்று அவராகக் கேட்டு வாங்கினார். அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தாள், முகமெல்லாம் அடுப்புப் புகையும் சிரிப்பும்.

அதற்குப் பிறகு நாங்கள் ஊர் திரும்புகிறவரை தினமும் அவள் வந்து சமைத்தாள். வந்ததும் பையைக் கீழே வைக்காமலே தூக்கம் வந்ததா என்று கேட்பாள். மூட்டைப்பூச்சி என்பார் அப்பா. அங்கே வந்து படுத்தால் மூட்டைப்பூச்சி கிடையாது என்பாள் அவள். இருவரும் சண்டை போடுகிற மாதிரிதான் பேசுவார்கள், ஆனால் அப்பா காலையிலிருந்து படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று சமையல்காரர் என்னிடம் சொன்னார்.

புறப்படுகிற நாளில் துறைமுகத்தில் அக்கா அவரிடம் அடுத்த தடவை எங்கே தங்குவீர்கள் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் பதில் வாங்காமல் விடமாட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. அப்பா அவள் தலையில் கை வைத்தார்.

"அடுத்த தடவ ஒன் வீட்டுலதாம்மா. அந்தக் கட்டிலுலதான்."

எழுபத்தாறில் அவள் மறுபடியும் உண்டானாள். இந்த முறை மூன்றாம் மாதம் தாண்டியது, ஐந்தாம் மாதமும் தாண்டியது. சம்பந்தியம்மாள் வந்து செய்தி சொன்ன அன்று அப்பா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இந்தத் தடவை கிட்டங்கி கிடையாது, மகள் வீட்டில் ஒரு மாதம் என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். கப்பலில் இடம் சொல்லி வைத்தார். கொண்டுபோவதற்குக் கயிறு வேறு தயார் செய்தார். அந்தக் கட்டிலில் இருப்பது முரட்டுக் கயிறு, பேரப்பிள்ளையைப் போட்டால் முதுகு சிவந்துவிடும் என்று நல்ல மெல்லிய நாராகப் பொறுக்கி, ஊறப்போட்டு, அவர் கையாலேயே திரித்தார். கடையில் உட்கார்ந்து திரித்துக்கொண்டிருக்கும்போது யார் என்ன விலை கேட்டாலும் காதில் விழாது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஏழாம் மாதம் தந்தி வந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

தந்தி வந்து சேர்ந்தபோதே அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. போகவும் வழியில்லை, போய்ப் பார்க்கவும் எதுவும் இல்லை. அப்பா கடையை மூடிவிட்டு முன்கட்டில் அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் வாங்க என்றார், போகிறவர்களிடம் சரி என்றார். வேறு பேச்சு இல்லை. சம்பந்தியம்மாள் தரையில் விழுந்து அழுதபோது மட்டும், உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம் மயினி என்று சொன்னார். அவள் அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

அடுத்த வருஷம் அத்தான் எழுதியிருந்தார், வருஷத் திதியை அங்கேயே கொடுக்கப் போவதாக. அப்பா போக வேண்டும் என்றார். அந்தக் கயிற்றுச் சுருணையை எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். கப்பலில் ஏறிய பிறகு, இந்தத் தடவை வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். அத்தான் ஒருவர்தானே இருப்பார், நமக்காகச் சிரமப்படுவார் என்றேன். அவ வீடுதான அது என்றார். பிள்ளை பிறக்காமல் கை நனைக்கக் கூடாது என்ற கணக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

துறைமுகத்தில் அத்தான் காத்திருந்தார். நரைத்துப்போயிருந்தார். அப்பாவின் பெட்டியை வாங்கி டாக்சியில் வைத்துவிட்டு, டிரைவரிடம் கிட்டங்கி இருக்கிற தெருவைச் சொன்னார்.

"கிட்டங்கி வேண்டாம் மாப்ளே. வீட்டுக்கே போவோம்" என்றார் அப்பா.

அத்தான் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"வீடு இல்ல மாமா. அந்த வரிசையவே இடிச்சுட்டாங்க. நான் கடையிலதான் படுத்துக்கிடுதேன். நீங்க எப்படியும் கிட்டங்கியிலதான தங்குவிய, அதான் எழுதல. அங்கனதான் ஒங்களுக்குக் கட்டில் சொல்லி வச்சிருக்கேன்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மாமனாருக்கு எது பிடிக்குமோ அதைச் செய்து வைத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தார். அப்பா டாக்சியில் ஏறினார். டாக்சி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், இடத்தையாவது காட்டுங்கள் என்று கேட்டார்.

இறங்கிப் பார்த்தோம். வரிசை முழுவதையும் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். தகரத்தின் சந்து வழியாகச் செம்மண்ணும் தேங்கின மழைத்தண்ணீரும் தெரிந்தன. எதிர்வரிசைக் கடைகள் அப்படியே இருந்தன. மேலே ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று அப்பா கேட்டார். அத்தான் வெறும் ஆகாயத்தில் கையைக் காட்டினார். இரண்டு பேரும் அந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் போகிறவர்கள் இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தாங்களும் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிட்டங்கியில் அதே சமையல்காரர் இருந்தார். எங்களைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மேலே போனோம். வரிசையாக இருந்த இரும்புக் கட்டில்களுக்குக் கடைசியில், ஜன்னலோரம், அப்பாவுக்குச் சொல்லி வைத்திருந்த கட்டில் கிடந்தது. கயிற்றுக் கட்டில். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இடிக்கதுக்கு முன்னால இத மட்டும் தூக்கியாந்து இங்கனப் போட்டேன் மாமா. அவ இதுல ஒருத்தரையும் படுக்க விடமாட்டா. நானும் படுத்ததில்ல" என்றார் அத்தான்.

அப்பா கிட்டே போய்க் கட்டைவிரலால் கயிற்றை அமுக்கினார். நடுவில் தளர்ந்திருந்தது. தலைமாட்டு மூலையில் அவர் இழுத்துக் கட்டின முடிச்சு அப்படியே இருந்தது. பெட்டியைத் திறந்து அந்தப் புதுச் சுருணையை வெளியே எடுத்தார். மாற்றிக் கட்டப் போகிறார் என்று நினைத்து நான் சட்டத்தைப் பிடிக்கப் போனேன். அவர் சுருணையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் தலை வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்றார்.

அன்றைக்கு அந்தக் கட்டிலில்தான் படுத்தார். நான் கீழே பாயில் படுத்தேன். அவர் புரளுகிற சத்தமும் கயிறு முனகுகிற சத்தமும் விடிகிறவரை எனக்குக் கேட்டன. அவர் ஒரு கணமும் கண் மூடவில்லை என்று சத்தியம் செய்வேன். வெளிச்சம் வந்ததும் சமையல்காரர் காப்பியைக் கொண்டுவந்து கட்டில் சட்டத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. காப்பியை எடுக்கவில்லை. அடுப்படிப் பக்கமாகப் பார்த்தார், அங்கே யாரும் இல்லை.

"நல்லாத் தூங்குனேம்மா" என்றார்.